அப்பாவின் சட்டைப் பையில் இருந்த கல்

அன்புள்ள கவியாக்காவுக்கு,

முதலில் ஒன்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. ஹாஸ்டலில் உன் கூட இருப்பவர்களிடம் வேண்டாம். நீ கட்டிக்கொள்ளப் போகும் மணிவண்ணன் மாமாவிடம் வேண்டவே வேண்டாம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. நான் எழுதியது தெரிந்தால் அப்பா என் முகத்தில் முழிக்க மாட்டார்.

இங்கே அம்மா நலம். நானும் நலம். அப்பா நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். அம்மா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச விடுகிறாள். அதோடு அப்பா என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்து, “அக்காகிட்டயும் அம்மாகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு” என்று வாங்கிக்கொண்டார். இருபது நாள் அதைக் காப்பாற்றினேன். எழுதினாலும் சத்தியம் மீறியதுதான், தெரியும். அவர் தலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்துகொண்டேதான் எழுதுகிறேன். எழுதாவிட்டாலும் ஆகிவிடும் போலிருக்கிறது.

அப்பாவின் நெஞ்செரிச்சல் நமக்குப் பழகிப்போன ஒன்று. நாம் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துதான் படுப்பார். புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறி, எழுந்து உட்கார்ந்து இருமுவார். மெடிக்கலில் அவராகவே மாத்திரை அட்டை வாங்கி வைத்துக்கொள்வார். “டிப்பர் ஓட்டுறவனுக்கு நெஞ்சு எரியலன்னாதான் அதிசயம், அது இன்ஜின் சூடு மாதிரி” என்பார். நாமும் சிரிப்போம்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. நீ ஸ்ரீபெரும்புதூர் வேலைக்குப் போன பிறகு அவர் காக்கிச் சட்டையை நான்தான் துவைக்கிறேன். பையில் அடிக்கடி வெள்ளைக் கல் கிடைக்கும். புளியங்கொட்டை அளவு, சப்பிய மிட்டாய் மாதிரி வழவழவென்று இருக்கும். கேட்டதற்கு, சிமெண்டுக்குக் கல் எடுக்கும் மைன்ஸில் கூட வண்டி ஓட்டும் குருநாதன் மாமா சொல்லிக்கொடுத்தது என்றார். சுண்ணாம்புக்கல் சில்லைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் எரிச்சல் உடனே அடங்குமாம். அங்கே இன்னும் சில பேர் அப்படித்தான் செய்கிறார்களாம். “ஊருக்கெல்லாம் வூடு கட்டக் கல்லு போவுது, என் வயித்துக்கு ஒரு சில்லு ஆவாதா?” என்று கேட்டார். அடங்கியதும் உண்மைதான். மாத்திரையை விட்டுவிட்டார். இந்த ஆடியில் எரிச்சல் சுத்தமாக நின்றுவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார். அம்மா செட்டிகுளம் முருகனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள்.

போன மாதம் ஸ்கூல் லேபில் சார் ஒரு சுண்ணாம்புக்கல்லின் மேல் அமிலம் விட்டுக் காட்டினார். நுரைத்துக் கொதித்து, கொஞ்ச நேரத்தில் அடங்கியது. அடங்கிவிட்டது என்று நாங்கள் நினைத்தபோது இன்னும் கொஞ்சம் ஊற்றினார். மறுபடி நுரைத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். என்னால் முடியவில்லை.

இருபது நாள் முன்பு எனக்குக் காய்ச்சல் வந்தபோது அப்பாதான் பெரம்பலூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா என்னைப் பார்த்து ஊசி போட்டு முடித்தார். அதற்குள் அப்பா நாலைந்து தடவை தொண்டையைச் செருமிவிட்டார். உங்க குரல் எத்தன நாளா இப்படிக் கம்மியிருக்கு என்று டாக்டரம்மாவே கேட்டார். அப்பா மழுப்பினார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கல்லையும் சேர்த்து. டாக்டரம்மா சிரிக்கவில்லை. “எரிச்சல் நின்னுடுச்சுன்னு சந்தோசப்படாதீங்க. வருசக்கணக்கா அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயோட உள்தோலே மாறிப்போயிருக்கலாம். மாறினா சில பேருக்கு எரிச்சல் கொறஞ்சிடும். ஆனா அந்தத் தோல்லதான் கெட்டது வரும். கல்லு எரிச்சலத்தான் மறைக்கும், உள்ள நடக்கறத நிறுத்தாது” என்றார். சோறு இறங்குகிறதா என்று கேட்டார். அப்பா இறங்குகிறது என்றார். அது பொய். இட்லியைக்கூட ரசத்தில் கரைத்துத்தான் குடிக்கிறார்.

திருச்சிக்குப் போய் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போதுதான் அந்தச் சத்தியம். “தையில கல்யாணம். பொண்ணோட அப்பனுக்குச் சீக்குன்னு மாப்ள ஊரு அரியலூர்ல ஒரு பேச்சு கெளம்புனா என்னா ஆவும்னு உனக்குத் தெரியாது. தாலி ஏறட்டும், மறுநாளே போறேன்” என்றார். அந்தச் சீட்டைத் தன் வண்டி இருக்கைக்கு அடியில் மடித்து வைத்திருந்தார். நான் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன்.

அக்கா, தை வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அவர் பெல்ட்டில் ஆணியால் இரண்டு புது ஓட்டை போட்டிருக்கிறார். நீ தீபாவளிக்கு வந்தபோது அப்பா இளைத்து அழகாகிவிட்டார் என்று கேலி செய்தாய். அவரும் சிரித்தார். அன்று நீ ஊட்டிவிட்ட கறித்துண்டைக் கொல்லைக்குப் போய்த் துப்பினார்.

நேற்றுக் காலை கொல்லையில் வாந்தி எடுத்தார். காபித்தூளைக் கரைத்து ஊற்றியது போல, உறைந்த ரத்த நிறத்தில் இருந்தது. என்னைப் பார்த்ததும் அவசரமாக வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, கடைசியாகக் குடித்த டீதான் என்றார். அவர் டீயை விட்டு மூன்று மாதம் ஆகிறது. இன்று சாயங்காலம் ஷிப்டுக்குக் கிளம்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். லீவு போடுங்கப்பா என்றேன். கஞ்சி டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது, விடிஞ்சதும் வந்து உன்னய ஸ்கூல்ல எறக்கி விடுறேன் என்றார்.

அதனால்தான் அம்மா தூங்கியதும் எழுத உட்கார்ந்தேன். அரியலூரிலிருந்து வந்து என் கூடப் படிக்கும் ஷஹானாவிடம் கொடுத்துவிட்டால் அங்கே தபாலில் போட்டுவிடுவாள். இருந்தாலும் உன் கைக்கு வர மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளை எப்படிக் கழிப்பேன் என்று தெரியவில்லை. காலையில் ஹாரன் கேட்கும்வரை எனக்குத் தூக்கம் வராது. அவர் வந்தால் வாசலில் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார், கதவைத் தட்டவே மாட்டார், உனக்குத்தான் தெரியுமே.

நீ லீவு போட்டு வந்துவிடு. உனக்குப் புடவை எடுக்க என்று சொல்லித் திருச்சிக்குக் கூப்பிடு. நீ கூப்பிட்டால் வருவார். அங்கே போனதும் நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடு. கோபப்படுவார், திட்டட்டும். கல்யாணம் தள்ளிப் போனால் நீ அழுவாய் என்று எனக்குத் தெரியும். என்னை மன்னித்துவிடு அக்கா. மணிவண்ணன் மாமா நல்லவராக இருந்தால் காத்திருப்பார். அப்பாவுக்குள் இருப்பது காத்தி

வாசலில் ஏதோ வண்டி வந்து நிற்கிறது. மணி இரண்டேகால்தான் ஆகிறது. ஹாரன் அடிக்கவில்லை.

கதவைத் தட்டுகிறார்கள். குருநாதன் மாமா குரல். அம்மாவை எழுப்பச் சொல்கி