ரூபனுக்கு வேண்டாம்

துவாரகா,
புதன் இரவு

அன்புள்ள அத்தானுக்கு,

ஜெசிந்தா எழுதுவது. எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நம் ரெட்டைப் பிள்ளைகளில் ரூபன் சுகம். ஜோயல் சுகமில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி படித்துவிட்டு ‘ஓகேம்மா’ என்று போடுவீர்கள். அதனால்தான் பேப்பரில் எழுதி, நாளை மஸ்கட் திரும்பும் பத்மநாபன் அண்ணாச்சியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

சுத்தத்துக்கு நல்லது என்று உங்கள் அண்ணன் பிடிவாதமாக நின்று ஜோயலுக்கு முன்தோலை வெட்டி நாலு மாதமாகிறது. அன்றைக்கு ரூபனுக்குக் காய்ச்சல், அதனால் தப்பினான். ரத்தம் நிற்காவிட்டால் என்ன செய்வீர்கள், சீழ் பிடித்தால் என்ன ஆகும் என்று அந்த கிளினிக் டாக்டரிடம் கேட்டேன். மேடம், இன்டர்நெட் படிப்பதை நிறுத்துங்கள் என்று சிரித்தார். உங்கள் அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தார். நீங்கள் போனில், டாக்டருக்குத் தெரியாதா என்றீர்கள். ராத்திரி டயப்பர் முழுக்க ரத்தம். திரும்பத் தூக்கிக்கொண்டு ஓடினால், அரே, தோடா ப்ளட் தோ ஆத்தா ஹை, கொஞ்சம் ரத்தம் வரத்தான் செய்யும் என்று சொல்லிக்கொண்டே தையல் போட்டார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

அது ஆறிவிட்டது என்றுதான் நினைத்தேன். இப்போது ஒன்றுக்குப் போகும்போது நூல் மாதிரி ஒரு பக்கமாகப் பீய்ச்சுகிறது. முக்குகிறான், என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறான். அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்கிற ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். வெட்டின பிறகு சில பிள்ளைகளுக்கு நுனியில் துவாரம் சுருங்கிவிடுமாம். அதைப் பெரிதாக்க இன்னொரு தரம் மயக்க மருந்து கொடுக்க வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு!

ரூபனையும் பார்த்தார். இந்த வயதில் தோல் ஒட்டித்தான் இருக்கும், பின்னால் இழுக்காதே, வளர வளரத் தானாகக் கழலும், தொந்தரவு வந்தால் முதலில் களிம்பு போதும் என்றார். தேவைப்படுகிற பிள்ளைக்கு நல்ல கையால் செய்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார். அப்படியானால் ஜோயலுக்குத் தேவைப்பட்டதா என்று கேட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, ஜோயலின் கன்னத்தைத் தடவிக் கொடுத்தார்.

இவ்வளவுக்கும் பிறகு, சனிக்கிழமை ரூபனைக் கூட்டிப்போக உங்கள் அண்ணன் நாள் குறித்து வைத்திருக்கிறார். ரெட்டைப் பிள்ளைகள் ஒரே மாதிரி இருக்க வேண்டாமா என்கிறார். திரைச்சீலையா அத்தான், ஜோடி பார்த்து வெட்டுவதற்கு? டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். சர்க்காரி டாக்டர்கள் அப்படித்தான் என்கிறார். எம்.எஸ்சி. படித்த நான் சொன்னால் அது பொம்பளை பயம். மஸ்கட்டிலிருந்து நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அது முடிவு. எனக்கு இதுதான் ஆறவில்லை.

இதைப் படித்ததும் அவருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டாலும் சனிக்கிழமை கதவு திறக்காது, ரூபன் போகமாட்டான். ஆனால் நாளைக்கு அவன் வளர்ந்து கேட்டால், அம்மா தடுத்தாள் என்று மட்டும் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அப்பாவும் தடுத்தார் என்று சொல்ல வேண்டும்.

ஜோயலின் ஆபரேஷனுக்கு முன்னால் லீவு கிடைத்தால் வாருங்கள். இந்தத் தடவை அவன் கையைப் பிடித்துக்கொள்ள நீங்களும் வேண்டும்.

மாதா உங்களைக் காக்கட்டும். உங்கள் வாயில் அந்த ஒரு வார்த்தையை வைக்கட்டும்.

உங்கள்
ஜெசிந்தா