விடாத கொக்கி

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா முழு நலம், நான் முக்கால்வாசி நலம், மீதிக் கால்வாசி இடது கையில் மாவுக்கட்டுப் போட்டுக் கிடக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த இருமல் விட்டதா என்று எழுது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ நடுவில் புகுந்து அழுது ஆர்ப்பாட்டம் செய்வாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன். முதலில் ஒன்று செய். கழுத்தில் அந்தப் பச்சைக்கல் சங்கிலி கிடந்தால் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு மேலே படி.

போன மாதம் ஒருவன் துணிப்பை நிறையப் பழைய கவரிங் நகையைக் கொண்டுவந்து என் வேலை மேசைமேல் கொட்டினான். எல்லாம் உடைசல். வீடு காலி பண்ணும்போது கிடைச்சது, எடுத்துக்கிறீங்களான்னு பார்த்து வைங்க, அப்புறம் வர்றேன் என்றான். அந்தக் காலத்துக் கண்ணாடிக் கற்கள், இப்போது தேடினாலும் கிடைக்காது, எனக்குக் கை பரபரத்தது. சரிசெய்து முலாம் ஏற்றி வைத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போவார்கள். ஆனால் லென்ஸை வைத்துப் பார்த்தபோதே மனசுக்குச் சரியாகப் படவில்லை. போட்டுப் போட்டுத் தேய்ந்த சங்கிலி தேய்ந்த இடத்தில்தான் விடும், இவையோ தேயாத இடத்தில் வளையம் வாயைப் பிளந்து நீண்டிருந்தன. ஒரு ஜிமிக்கியின் கொக்கி ஊசி மாதிரி நிமிர்ந்திருந்தது, நுனியில் கறுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, இது யாரோட காதையோ கிழிச்சுக்கிட்டு வந்திருக்கு, தொடாதீங்க என்றாள். நான் கேட்டேனா? பழசு என்றால் அழுக்கு இருக்கத்தான் செய்யும் என்று அவள் வாயை அடைத்துவிட்டு, எடுத்துச் சரிசெய்து விற்பதா திருப்பிக் கொடுப்பதா என்று மூன்று நாள் அதையே புரட்டிக்கொண்டிருந்தேன். கண்டும் காணாததுமாதிரி இருந்தேன் என்பதுதான் உண்மை.

நாலாம் நாள் குவியலின் அடியில் என் கையால் செய்த சங்கிலியே கிடைத்தது. என் வேலை எனக்குத் தெரியாதா? பித்தளைக் கொக்கியை எடுத்துவிட்டு எஃகுக் கொக்கி வைத்து மூன்று இடத்தில் பற்றவைப்பது இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான். அந்த மூன்று பற்றும் அசையாமல் இருந்தன, சங்கிலியை நடுவில் குறட்டால் வெட்டியிருந்தார்கள். பின்தெருத் தையற்காரம்மாவுக்கு நான் விற்ற சங்கிலி அது, யானையைக் கட்டி இழுத்தாலும் விடாது என்று பெருமையடித்து விற்றேன். செருப்பைக்கூட மாட்டாமல் அவள் வீட்டுக்கு ஓடினேன்.

கட்டிலில் கிடந்தாள், கழுத்தைச் சுற்றிக் கட்டு, குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. தங்கம் என்று நினைத்து வண்டியில் போன இரண்டு பேர் பின்னாலிருந்து பிடித்து இழுத்திருக்கிறார்கள். சாதாரணக் கவரிங் என்றால் இழுத்த இழுப்பில் கையோடு போயிருக்கும். என் கொக்கி விடவில்லை, ஏழு வீட்டுத் தூரம் அவளை வண்டியோடு இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. முழங்கால் சில்லு பெயர்ந்து, ஒரு கன்னம் முழுக்கத் தோலுரிந்து, வண்டி கவிழ்ந்த பிறகும் விடாமல் ஒருவன் அவள் மார்பில் முழங்காலை ஊன்றிக்கொண்டு குறட்டால் வெட்டி எடுத்தானாம். அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. உங்க வேலையில ஒரு குறையும் இல்லண்ணே, அதான் விடலை என்றாள். எனக்கு அங்கேயே பாதி உயிர் போய்விட்டது.

போலீசில் சொன்னேன். அவன் வந்தா தகவல் குடுங்க, நாங்க வர்ற வரைக்கும் பேச்சுக் கொடுத்து உட்கார வைங்க என்றார்கள். அவன் வந்ததும் அம்மா உள்ளே போய்ப் போன் செய்தாள், நானும் பேச்சுக் கொடுக்கத்தான் நினைத்தேன். என்ன முடிவு பண்ணீங்க என்று கேட்டபடி மேசைமேல் கையை மல்லாத்தி வைத்தான். உள்ளங்கையில் ஆறியும் ஆறாமலும் ஒரு வெட்டுக்காயம், வளையம் வளையமாக என் சங்கிலியின் அச்சு. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. பக்கத்திலிருந்த சுத்தியால் அந்தக் கையிலேயே அடித்தேன், எலும்பு நொறுங்கியது. அவன் இன்னொரு கையால் என் கையைப் பிடித்து மேசை இழுப்பறைக்குள் திணித்து இடுப்பால் மோதி மூடினான், இரண்டு விரல் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. போன் செய்துவிட்டு உன் அம்மா ஓடிவந்து, துணி தேய்க்கச் சூடேற்றியிருந்த இஸ்திரிப்பெட்டியை அவன் பிடரியில் வைத்து அழுத்தினாள். சட்டையோடு தோலும் பொசுங்கியது, அந்த நாற்றம் இன்னும் அறையை விட்டுப் போகவில்லை. அவன் விழுந்து கையெடுத்துக் கும்பிட்ட பிறகும் நான் மிதித்தேன், இதை உனக்கு எழுத வெட்கமாக இருக்கிறது. போலீஸ்காரர் வந்து முதலில் என்னைத்தான் பிடித்து இழுத்தார். மறுநாள் கூட்டாளியையும் பிடித்துவிட்டார்கள்.

இனி இந்தத் தொழிலே வேண்டாம், அலமாரியில் இருக்கிற உடைசலையெல்லாம் பழைய இரும்புக்குப் போடுங்க என்கிறாள் அம்மா. நானும் ஒரு வாரம் அப்படித்தான் இருந்தேன். பிறகு தையற்காரம்மாவே கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து, நீங்க சும்மா உட்கார்ந்தா என் கழுத்து ஆறிடுமா என்று கேட்டுவிட்டுப் போனாள். சரிசெய்வேன், விற்பேன் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் பிடரியில் வருகிற ஒரு வளையத்தை மட்டும் பற்றவைக்காமல் ஒற்றை நூலால் முடிகிறேன், சுண்டினால் அறுந்துவிடும். தையற்காரம்மாவுடையது போக, எஃகுக் கொக்கி வைத்து இதுவரை செய்த சங்கிலிகள் பதினேழு. ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டு வாங்கி வெட்டி, நூல் கட்டிக் கொடுத்தேன், சிலர் எனக்குப் பைத்தியம் என்றார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். பதினாறு முடிந்தது.

உன்னுடையது ஒன்றுதான் பாக்கி. நீ ஊருக்குக் கிளம்பிய அன்று, என் பெண்ணுக்கு என்பதால் மூன்று போதாதென்று ஐந்து இடத்தில் பற்றவைத்தேன். தினமும் அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய், படித்துவிட்டு அன்று சந்தோஷப்பட்டேன், இப்போது கண்ணை மூடினால் உன் கழுத்துதான் தெரிகிறது. கொக்கிக்குப் பக்கத்து வளையத்தைக் குறட்டால் நறுக்கிவிட்டு, உறைக்குள் இருக்கும் சிவப்பு நூலால் கட்டிக்கொள். ஒரே முடிச்சு, மறந்தும் இரண்டு போடாதே. யாராவது பிடித்து இழுத்தால் போகட்டும் என்று விட்டுவிடு, திரும்பிக்கூடப் பார்க்காதே. எது போனாலும் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றரைக் கையோடு,
உன் அப்பா