உதயா தந்த சாம்பிள்

ஜூலை 7, திங்கள்

உதயாவைப் பள்ளி ரோவர் வண்டிக் குழுவில் எடுத்துவிட்டார்கள்! எட்டாம் வகுப்பிலிருந்து நான்கே பிள்ளைகள். அதில் என் மகள் ஒருத்தி, அவளுடைய உயிர்த்தோழி நித்யஸ்ரீ ஒருத்தி. அடுத்த மாதம் வண்டலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் போட்டி. செவ்வாய்க் கிரகத்தில் வண்டி ஓட்டுவதுபோலவே ஓட்ட வேண்டுமாம். வண்டி வெளியே மணலில்; பிள்ளைகள் மூடிய அறைக்குள். அது எடுத்து அனுப்பும் படத்தை மட்டும் பார்த்துக் கட்டளை கொடுக்க வேண்டும். அந்தக் கட்டளையும் வேண்டுமென்றே தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

உதயாவின் அப்பா பாலு ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலிலிருந்து போன் பண்ணி, "ஸ்வீட் வாங்கட்டுமா?" என்றார். இதையெல்லாம் கேட்பாரா ஒரு மனுஷன்! லேபில் எல்லோரிடமும் சொன்னேன். சிலரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்தது. எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். அவளுக்கு உயிர். என்னவாயிற்று?

ஜூலை 14, திங்கள்

இன்றும் காலையில் வயிற்று வலி. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். சாயங்காலம் துருவித் துருவிக் கேட்டதில் வந்தது விஷயம்.

பள்ளிக்கு எதிரே வீடு கட்டுகிறார்கள். அங்கே கொட்டியிருக்கும், கல்லை உடைத்துச் செய்த எம்-சாண்ட் மணல் குவியலில்தான் பிள்ளைகள் ரோவரை ஓட்டிப் பழகுகிறார்கள். நன்றாகவே ஏறி இறங்குகிறதாம். "எம்-சாண்ட் சொரசொரன்னு இருக்கும், பிடிச்சுக்கும். போட்டியில பொடிமணலா இருந்தா இந்தச் சக்கரம் புதையும்" என்று இவள் குழுவுக்குப் பொறுப்பான ஜென்சி மிஸ் முன்னாலேயே சொல்லியிருக்கிறாள். சக்கரம் செய்தது நித்யஸ்ரீ. அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு இவளோடு யாரும் உட்காருவதில்லை.

"டூ விட்டுட்டாங்களா?" என்று கேட்டேன்.

"அம்மா, நாங்க எட்டாவது. டூ எல்லாம் விட மாட்டாங்க. நான் அங்க இல்லாத மாதிரி இருப்பாங்க, அவ்ளோதான்."

குரோம்பேட்டையில் என் லேபில் வேலையே இதுதான். பள்ளிப் பிள்ளைகளின் எச்சிலை வாங்கி அதில் மன அழுத்த ஹார்மோனை அளந்து, யார் யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. அது காலையில் ஏறி, பொழுது போகப் போக இறங்க வேண்டும். எங்களிடம் வந்த பிள்ளைகளில், கூட்டு சேராத பலருக்கு அது சரியாக இறங்கவில்லை. என்ன அழகான கோடு என்று போன வாரம்தான் திரையில் போட்டுக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். இப்போது அந்தக் கோட்டைப் பார்த்தால் என் பிள்ளையின் வயிறு ஞாபகம் வருகிறது. அந்தக் குட்டிகளை நாலு சாத்து சாத்தணும் போல இருக்கு எனக்கு!

ஜூலை 16, புதன்

லேபிலிருந்து ஒரு குழாய் கொண்டுவந்தேன். காலையில் அவள் எழுந்ததும் நீட்டினேன்.

"பல் தேய்க்கறதுக்கு முன்னாடி இதுல கொஞ்சம் துப்புடா."

"எதுக்கு?"

"சும்மா."

"நான் உன் ஸ்டடில இருக்கேனா? என் சம்மதம் கேட்டியா? கேட்காம ஒரு பிள்ளைகிட்டயும் வாங்கக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ?" குழாயைப் பிடுங்கித் தன் மேசை டிராயரில் போட்டு மூடினாள்.

பதினைந்து வருஷமாக இந்தத் துறையில் இருக்கிறேன், பெற்ற பிள்ளையிடம் போய் இப்படிச் செய்தேனே! வெட்கமாக இருந்தது. எங்கள் நெறிமுறைக் குழுவை விட இவள் கறார் என்று உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. பாலுவிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

ஜூலை 19, சனி

நித்யஸ்ரீயின் அம்மாவிடம் பேசிவிடலாமா என்று கேட்டேன். "நீ பேசினா அப்புறம் நான் அந்த கிளாஸ்ல உட்காரவே முடியாதும்மா. ப்ளீஸ், நடுவுல வராத" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாவையே கேம்ப் ரோட்டில் காய்கறிக் கடையில் பார்த்தேன். வெண்டைக்காய் விலையைப் பற்றிப் பேசினோம். நாக்கைக் கடித்துக்கொண்டு பேசினேன்.

வீட்டுக்கு வந்து, "வேணும்னா ரோவரை விட்டுடேன்" என்றேன்.

"எதுக்கு விடணும்? நான் சொன்னது சரி. சக்கரம்தான் தப்பு."

இவள் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள்? என்னைத்தான்.

ஜூலை 25, வெள்ளி

வயிற்று வலியோடுதான் கிளம்பினாள். ஆனாலும் கிளம்பினாள்.

ஆகஸ்ட் 2, சனி

எங்கிருந்து ஆரம்பிப்பது?

போட்டித் திடல் முழுக்கப் பொடிமணல். மாவு மாதிரி. உதயா அன்றைக்கே சொன்ன அதே மணல். வண்டியை ஓட்டுகிறவள் நித்யஸ்ரீ. படங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டியவள் உதயா. பெற்றவர்கள் நாங்கள் திடல் ஓரத்தில் கயிற்றுக்கு இந்தப் பக்கம். வண்டி எங்கள் கண்ணுக்குத் தெரிகிறது, பிள்ளைகள் தெரியவில்லை. கத்தினாலும் அறைக்குள் கேட்காது.

பாதித் திடல் தாண்டியதும் முன்சக்கரங்கள் புதைந்தன. எங்களுக்கு முன்னால் வந்த பள்ளிகளின் வண்டிகளும் இப்படித்தான் மாட்டின. வேகமாகச் சுற்றிச் சுற்றி இன்னும் ஆழமாகப் போய்க் குந்திவிட்டன. எங்கள் வண்டி அசையாமல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"பேட்டரி போயிடுச்சோ?" என்றார் நித்யஸ்ரீயின் அம்மா. எனக்கும் தெரியவில்லை. கயிற்றைத் தாண்டிப் போய்த் தூக்கி வைத்துவிட மாட்டோமா என்று கை பரபரத்தது.

அப்போது வண்டியின் கேமரா மெல்லக் குனிந்தது. தன் காலடியையே பார்த்தது. அது உதயாதான்! எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சக்கரம் துளி பின்னால் சுற்றி நின்றது. மறுபடி ஒரு படம். அடுத்த சக்கரம். இப்படியே அங்குலம் அங்குலமாக அது வெளியே வந்துவிட்டது. பாலு விரலை வாயில் வைத்து விசிலடித்து, செக்யூரிட்டியிடம் திட்டு வாங்கினார். நான் ஊரார் முன்னால் அழுதேன், அதைப் பற்றிக் கவலையே இல்லை.

கொடியைத் தொடுமுன் நேரம் முடிந்துவிட்டது. பரிசு கிடையாது. ஆனால் புதைந்த மணலிலிருந்து தானாக எழுந்து வந்த வண்டி எங்களுடையது ஒன்றுதான்.

உள்ளே நடந்ததை ஜென்சி மிஸ் சொன்னார். நித்யஸ்ரீ முழு வேகம் கொடுக்கப் போயிருக்கிறாள். உதயா அவள் மணிக்கட்டைப் பிடித்து, "முதல்ல கீழ பாரு" என்றாளாம். படத்தைப் பார்த்ததும் நித்யஸ்ரீ முகம் சுருங்கிப்போய், "சரி, நீயே சொல்லு" என்றாளாம். இத்தனை நாளில் அவள் இவளிடம் பேசிய முதல் வார்த்தை. வேனில் ஏறும்போது நித்யஸ்ரீ சொன்னதை நானே காதால் கேட்டேன்: "சக்கரம் தப்புதான்டி."

உதயா நகர்ந்து இடம் விட்டாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் வயிற்று வலி இல்லை. "இன்னிக்கு எலுமிச்சை சாதம் கொஞ்சம் கூட வை. நித்யாவுக்கும் வேணுமாம்" என்று மட்டும் சொன்னாள். கை நிறைய வேர்க்கடலை அள்ளிப் போட்டுக் கிளறினேன். பாக்ஸ் காலியாக வந்தது.

சாயங்காலம் என் மேசைமேல் ஒரு குழாய் இருந்தது. அன்றைக்கு என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்ட அதே குழாய். உள்ளே பொடிமணல். சனிக்கிழமை திடலிலிருந்து அள்ளியிருக்கிறாள், எனக்குத் தெரியவே இல்லை. எங்கள் லேபில் ஒட்டுவது மாதிரியே லேபிள் ஒட்டி, குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தாள்: "வண்டலூர் மணல். சம்மதத்துடன் — உதயா."

நாளை லேபுக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்ட வேண்டும். அவளிடம் கேட்டுவிட்டுத்தான்.