வாப்பாவின் காலும் முகைதீன்பாவாவின் அம்பாவும்

சாய்ந்தமருது

அன்பு மகள் ஜெனூபாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகனும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடு எழுதுகிறேன், அவன் கிருபையால் நாங்களும் இருக்கிறோம். போனில் கதைத்தால் என்ன என்று கேட்பாய், வாப்பா பக்கத்திலேயே இருக்கிறார், இது அவர் காதில் விழக்கூடாத கதை. லீவில் வந்த பக்கத்து வீட்டுப் பர்ஸான் நீ இருக்கிற கட்டாருக்குத் திரும்பிப் போகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வாப்பாவின் பாக்கின்சன் வருத்தத்தில் கைநடுக்கம்கூடப் பரவாயில்லை மகள், கால்தான் மோசம். வாசல்படி வந்தால் பாதம் தரையில் ஒட்டினதுபோல நின்றுவிடுகிறார், குரலும் மெலிந்து எனக்கே கேட்பதில்லை. ஆனால் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டுக் கண்ணயர்ந்தால் ஆளே வேறு. "இழுடா முகைதீன், வலைமடியை விடாத, இழு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்துகிறார், உதைக்கிறார், சிரிக்கிறார். போன கிழமை கையை வீசியதில் என் கன்னம் வீங்கிவிட்டது. வலி பெரிதில்லை, கல்யாணம் முடித்த புதிதில் நான் கேட்ட குரல் அது, இப்போது கனவில் முகைதீன்பாவா மாமாவுக்குக் கிடைக்கிறதே என்றுதான் வயிறு எரிந்தது. இளந்தாரி வயதிலிருந்து வாப்பாவோடு கரைவலை இழுத்தவர் என்றால் அதற்காக நித்திரையிலும் அவரேதானா?

முழிப்பிலும் அவர்தான். பின்னேரம் அஸர் தொழுகைக்குக் கூட்டிப்போக வருவார், வாசலில் நின்று, வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாவை ஏலேலோ என்று எடுப்பார், நான் கையைப் பிடித்து இழுத்தும் நகராத கால் அந்தத் தாளத்துக்கு எழும்பிப் பள்ளிவாசல்வரை போகும். இத்தனை வருசம் சோறு ஆக்கிப் போட்டவள் நான், நடப்பது அவருக்கா? ஒருநாள் அவருக்குச் சீனி போடாமல் தேத்தண்ணி கொடுத்தேன், மனுசன் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுப் போனார், அது எனக்கு இன்னும் எரிச்சல்.

கிளினிக்கில் வசந்தினி டொக்டரிடம், இவர் எனக்கு மட்டும் ஏன் நடக்கிறாரில்லை என்று கேட்டேவிட்டேன். அவ சிரிக்கவில்லை. "மூளைக்கு அடியில தண்டு மாதிரி ஒரு பகுதி இருக்கும்மா. நடையத் தொடக்கி விடுறதிலயும், கனவு காணக்குள்ள கை காலைப் பூட்டி வைக்கிறதிலயும் அதுக்குப் பெரிய பங்கு. இவருக்கு அதிலயும் வருத்தம் பிடிச்சிருக்கு, அதான் முழிப்பில கால் தொடங்குதில்ல, நித்திரையில பூட்டு விழுகுதில்ல. வெளியில இருந்து ஒரு தாளமோ, தாண்டுறதுக்கு ஒரு கோடோ கிடைச்சா கால் வேற வழியால எழும்பும். கையப் பிடிச்சி இழுக்காதீங்க, விழுந்திருவார்" என்றா. நித்திரைக்கு என்னைப் பக்கத்துக் கட்டிலில் படுக்கவும் சொன்னா. விசயம் ஆளில் இல்லை, தாளத்தில்தான் என்று விளங்கியது, பொறாமை மட்டும் போகவில்லை.

வீட்டுக்கு வந்து தெருக்கதவைச் சாத்திவிட்டு, அறை வாசல்படியில் நின்றவருக்கு நானே அம்பா பாடிப் பார்த்தேன். வெட்கத்தில் குரல் வரவில்லை, வாப்பா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். கோடு என்று டொக்டர் சொன்னது ஞாபகம் வந்து, வேறொன்றும் கிடைக்காமல் என் காலை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்தேன். குனிந்து பார்த்தார். "பட்டிரும் புள்ள" என்று மெல்லச் சொன்னார். பிறகு என் காலில் படாமல் தன் காலை உயரத் தூக்கித் தாண்டி வெளியே வந்துவிட்டார் மகள், நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

நீ போனில் பார்க்கும்போது வாப்பா கோபமாக இருக்கிறார் என்று நினைத்துவிடாதே, முகம்தான் அசையாது, உன் சத்தம் கேட்டால் மனசு நிறைந்துவிடும். வெள்ளிக்கிழமை போன் எடுக்க மறக்காதே. பிள்ளைகளை ஓதவை, வெயிலில் அலையவிடாதே. உன் வீட்டில் பறக்கத்தும் உடம்பில் சுகமும் அல்லாஹ் குறைவில்லாமல் தரட்டும்.

சொல்ல மறந்துவிட்டேன். நேற்று இதைக் கேள்விப்பட்டு முகைதீன்பாவா மாமாவும் தன் காலைக் குறுக்கே வைத்துப் பார்த்தார். வாப்பா நன்றாக மிதித்துவிட்டார். அல்லாஹ் மன்னிக்கட்டும், மாமாவுக்குச் சீனி கூடுதலாகப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன்.

உன் உம்மா,
றுகையா