பாசி பிடிச்ச தொட்டியும் ஆடி மாச போட்டோவும்

அன்பு மகள் துர்காவுக்கு அம்மா எழுதுறது. இங்க நான், உங்கப்பா, அவரோட குட்டியானை வண்டி மூணு பேரும் ஏதோ ஓடிக்கினு இருக்கோம். அங்க நீ குளிருல நடுங்காம, வேளைக்குத் தின்னு, நல்லபடியா இருக்கணும்னு மலைமேல இருக்கிற வேதகிரீஸ்வரர வேண்டிக்கினு ஆரம்பிக்கிறேன். போன்ல சொல்லலாம்தான், ஆனா நான் வாயத் தொறந்தாலே உனக்கு மீட்டிங் வந்துடுது. கடுதாசிய கட் பண்ண முடியாது பாரு. அதான் உன்கூட வேலை செய்யற ஸ்ரீதேவி லீவு முடிஞ்சு போலந்து திரும்புதுன்னு தெரிஞ்சதும், பருப்புப் பொடி டப்பாவோட இதையும் குடுத்து அனுப்புறேன். அஞ்சாவதோட நின்னவ எழுத்து, சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ, ஆனா முழுசாப் படி.

மொதல்ல என் வெக்கக்கேட்டச் சொல்லிடுறேன். ஞாயித்துக்கெழமை தவறாம உனக்கு அனுப்பினேனே மீன் தொட்டி போட்டோ, அது அத்தனையும் ஆடி மாசம் ஒரே நாள்ல எடுத்தது. இந்தப் பக்கம் நின்னு ஒண்ணு, அந்தப் பக்கம் நின்னு ஒண்ணுன்னு எடுத்து வெச்சுக்கினு வாரத்துக்கு ஒண்ணா அனுப்பிக்கினு இருந்தேன். ஏன்னா அதுக்கப்புறம் தொட்டிய போட்டோ எடுக்கிற மாதிரி இல்ல. கண்ணாடி பூரா பச்சைப் பாசி, நீ ஆசையா வெச்ச செடிமேல எல்லாம் முடி முடியா தொங்குது, உள்ள மீன் கீதா இல்லையான்னே தெரியல. உனக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவியேன்னு பொய் சொன்னேன். ஆனா இப்ப எனக்குத்தான் கோவம் வருது. அந்த போட்டோ எல்லாத்துலயும் பின்னாடி செவுத்துல ஆடி மாசக் காலண்டர் தொங்குது. ஐப்பசி வரைக்கும் ஆடியே ஓடுது. ஒரு நாளாவது கண்டுபுடிச்சியா? பாக்கவே இல்ல நீ. ஹார்ட்டு ஒண்ணப் போட்டுட்டு போய்க்கினே இருந்த.

பாசி எப்படி வந்துச்சுன்னு கேப்ப. எல்லாம் உங்கப்பா பண்ண வேலை. பாதிக்கு மேல அவரு, மிச்சம் நான். நீ எட்டு மணி நேரத்துக்கு மேல லைட்டு எரியக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொல்லிட்டுப் போன. இந்த மனுசன் காலையில கண்ணு முழிச்சதும் போட்டா தூங்கப் போறப்பதான் அணைக்கிறாரு. ரோட்டுல போறவன் வர்றவன எல்லாம் உள்ள கூப்ட்டு, எம்பொண்ணு தண்ணிக்குள்ளயே தோட்டம் போட்டிருக்கா பாருன்னு பெரும. ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வெச்ச கையோட தொட்டிக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு, மீனுங்களுக்கும் பிரசாதம் குடுக்கணும்னு ஒரு கை பொரிய அள்ளி உள்ள போட்டாரு. அது ஊறி நாறி, அடிமண்ணுல போயி உக்காந்துக்கிச்சு. அப்புறம் செடி மஞ்சளா வெளுத்துச்சு. நாத்து வெளுத்தா இன்னா பண்ணுவோம்? நானும் அதத்தான் பண்ணேன், ஒரு சிட்டிக யூரியா போட்டேன். சிரிக்காத. செடி எழுந்திரிக்கல, பாசிதான் சம்பா மாதிரி தள தளன்னு வந்துச்சு. மீனுல ரெண்டு மூணு செத்தும் போச்சு, அதையும் இப்பதான் சொல்றேன்.

இதுக்கு வைத்தியம் பண்றேன்னு உங்கப்பா வேடந்தாங்கல் பக்கம் சவாரி போன எடத்துல வயல்ல நத்தை பொறுக்கிக்கினு வந்தாரு. நத்தை பாசி திங்கும்னு எவனோ சொன்னானாம். வாங்குனா காசு, வயல்ல சும்மா கீதுன்னு இவரு கண்டுபுடிப்பு. அதுங்க பாசியத் திரும்பிக்கூடப் பாக்கல, நீ வெச்ச செடிய உக்காந்து விருந்து தின்னுச்சுங்க. நல்ல மாப்பிள்ள வூட்டாருங்க மாதிரி.

இந்த லட்சணத்துலதான் போன வாரம் உங்கப்பா போன்ல வாய் தவறி பாசின்னு சொல்லிட்டாரு. நீ இன்னா சொன்ன? அத ஏம்ப்பா வெச்சுக்கினு கஷ்டப்படுறீங்க, தூக்கிப் போட்டுடுங்க, இல்லன்னா பிரபா அத்தைக்குக் குடுத்துடுங்கன்னு சொன்ன. உங்கப்பா அத அப்படியே போயி ஒப்பிச்சிட்டாரு. உங்கத்தைக்குக் கேக்கணுமா, மறுநாளே வந்து நின்னா. மகாபலிபுரம் ரோட்டுல அவ போட்டிருக்கிற கடைக்கு இத வெச்சா வடை அடுக்க வசதியாம், ஈ மொய்க்காதாம், கையால மொழம் போட்டு அளந்தே பாத்துட்டா. எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். இது செத்தாலும் தொட்டியாத்தான் சாவும் அண்ணி, உங்க வடைக்கு வேற சவப்பெட்டி பாருங்கன்னு சொல்லிட்டேன். மூஞ்சத் தூக்கிக்கினு போனா, போவட்டும்.

துர்கா, நீ படூருல தனியா ரூம் எடுத்து இருந்தப்ப வேலை முடிஞ்சு வந்து பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாம வாங்கி வெச்ச தொட்டிடி அது. போலந்து போறப்ப நம்ம வண்டியில தண்ணி தளும்பத் தளும்ப ஏத்திக்கினு வந்து எறக்கிட்டு, அம்மா பாத்துக்கோ, நான் வந்து எடுத்துக்கிறேன்னு சொன்ன. வந்துன்னு சொன்ன. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் பல்லு வெளக்குற பிரஷ்ஷால தெனம் பாசிய சுத்திச் சுத்திப் புடுங்கிக்கினு கீறேன். நீ பாட்டுக்கு தூக்கிப் போடுன்னா, வர்றேன்னு சொன்னதையும் சேத்துத் தூக்கிப் போடவா?

அந்தக் கோவத்துலயே பாசிய டிபன் பாக்ஸுல போட்டுக்கினு செங்கல்பட்டுல தொட்டி மீன் விக்கிற ஆல்வின் தம்பிகிட்ட போனேன். யூரியான்னதும் அது தலையில கைய வெச்சுக்கினு கடைக்கு வெளியவே போயிடுச்சு. அப்புறம் திரும்பி வந்து, கையால வர்ற வரைக்கும் புடுங்குங்க, பாதித் தண்ணி மாத்துங்க, தீனி போடாதீங்க, கறுப்புத் துணி போட்டு மூணு நாள் வெளிச்சமே படாம மூடி வைங்கன்னு சொல்லுச்சு. நம்ம வூட்டுல கறுப்புத் துணின்னு உருப்படியா இருக்கிறது உங்கப்பா சபரிமலைக்குக் கட்டுற வேட்டிதான். அதப் போட்டு மூடுனேன். இன்னா துணின்னு கேட்டாரு, உன் பழைய ஷாலுன்னு சொல்லிட்டேன்.

நேத்து தொறந்தேன். பாசி பழுத்து சாம்ப நெறமா கழண்டு கெடக்கு, வாரி எடுத்துட்டேன். தண்ணி தெளிஞ்சிடுச்சு. நீலக்கோடு போட்ட உன் குட்டி மீனுங்க கூட்டமா போவுதுங்க. செடியில ஒண்ணே ஒண்ணு பொழச்சு, அடியில நகம் அளவு எல விட்டிருக்குது. நத்தைங்களப் பொறுக்கி வாய்க்கால்ல விட்டுட்டேன், ஒண்ணு மட்டும் எங்க ஒளிஞ்சிக்கினு கீதோ ஆப்புடல. லைட்டு சுவிட்சுல பிளாஸ்திரி ஒட்டிட்டேன், இனிமே நான்தான் போடுவேன், நான்தான் அணைப்பேன். போட்டோ அனுப்ப மாட்டேன். பாக்கணும்னா வா. தூக்கிப் போடணும்னாலும் நீயே வந்து உன் கையால தூக்கிப் போடு.

மத்தபடி உன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஒடம்பு சொகத்தோட, கெட்ட கண்ணு படாம, நெனச்சதெல்லாம் நடந்து நூறு வருசம் நல்லா இரு. பொடிய ஈரக் கரண்டி போட்டு எடுக்காத, பூசணம் பூத்துடும்.

உன்ன எப்பவும் நெனச்சுக்கினு இருக்கிற அம்மா,
தமிழ்ச்செல்வி

ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு சேதி. இன்னிக்கு கார்த்திகை ஒண்ணு. மழையில தோய்க்க முடியலன்னு தொட்டிய மூடுன அந்த வேட்டிய அப்படியே மடிச்சு பீரோவுல வெச்சிருந்தேன். உங்கப்பா விடியக்காலையில எடுத்துக் கட்டிக்கினு மாலை போடப் போனாரு. குருசாமி மாலைய கழுத்துல போடுறப்ப வேட்டி மடிப்புலேந்து நத்தை விழுந்துச்சாம். அதக் கையில வெச்சுக்கினே சரணம் சொல்லிட்டு வந்தாரு. இப்ப அது திரும்பத் தொட்டியில கீது.