இரண்டு பேருக்காக ஓடியவனுக்கு

நண்பா,

நேற்று தொலைக்காட்சியில் கால்பந்து ஆட்டம். ஒருவன் எத்தனை கிலோமீட்டர் ஓடினான் என்று திரையில் எழுதிக் காட்டினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. உன்னை யாராவது அப்படி அளந்திருந்தால், அதைக் காட்டியே உன்னோடு சண்டை போட்டிருப்பேன்.

பந்தாடத் தெரியும் என்பதற்காகவே அந்தப் பனியன் கம்பெனி நம் இருவரையும் வேலைக்கு எடுத்தது. காலையில் நிட்டிங் மிஷின், மாலையில் மைதானம். நான் கோல் கீப்பர். நீ நடுக்களத்தில் வலது பக்கம். ஆனால் உனக்கு ஏது வலது, ஏது இடது? எதிரி கோல் அருகே பந்தை உதைத்துவிட்டு, அடுத்த மூச்சில் என் கம்பத்தருகே வந்து நிற்பாய். "உன்ற எடத்துல நில்லுடா!" என்று கத்திக் கத்தியே என் தொண்டை கட்டிக்கொள்ளும்.

அறுபதுகளின் நடுவில் நாம் ஆடிய அந்த அரையிறுதி. முதல் பாதியிலேயே நம் இடது பக்கத்து ஆட்டக்காரனுக்குக் கணுக்கால் பிசகியது. மாற்று ஆள் இறக்க அப்போது விதி இல்லை. "அவன் பக்கத்தையும் நானே பாத்துக்கறேன்" என்றாய். உன்னை யார் கேட்டது? சித்திரை வெயிலில் இரண்டு பேர் ஓட்டத்தை ஒருவனாக ஓடினாய். கடைசிக் கால்மணி நேரத்தில் கெண்டைக்கால் இழுத்துச் சுருண்டு விழுந்தாய். நான் ஓடிவந்து பாதத்தை மடக்கிப் பிடித்தேன். கோட்டுக்கு வெளியே நின்ற கம்பெனி மேனேஜர், "இன்னுங் கொஞ்ச நேரந்தானுங்க தம்பி, எந்திரிங்க" என்றார். நீயும் எழுந்துவிட்டாய்! நொண்டிக்கொண்டே ஓடினாய்.

பிறகு வந்தது அந்த உயரப் பந்து. நேராக என் கைக்குத்தான் வந்தது. எங்கிருந்தோ பாய்ந்து வந்து நீ தலையால் முட்ட, அது நம் வலைக்குள்ளேயே விழுந்தது. தோற்றோம். எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டித் தீர்த்தேன். மேனேஜர் உன்னை அணியிலிருந்து நிறுத்தினார்.

"என் பந்து" என்று குரல் கொடுக்க வேண்டியவன் கோல் கீப்பர். ஆட்டம் முழுக்கக் கத்திய நான், அந்த ஒரு தடவை கத்தவில்லை. மூன்றாம் நாள் மேனேஜரிடம் போய், "தப்பு என்னுதுங்க. நாந்தான் கூப்புடலீங்க" என்றேன். உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். அன்று மாலை மங்கலம் சாலையில் சைக்கிளை நிறுத்தி உன்னிடமும் சொன்னேன்.

நீ சிரித்தாய். "தெரியும்டா. நீ கூப்புட்டிருந்தாலும் நான் நின்னிருக்க மாட்டேன். இந்தக் காலு எங்க என்ற பேச்சைக் கேட்டுது?"

அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க வந்தவனை, அதைக்கூட முழுதாகக் கேட்க விடாமல் சைக்கிளை மிதித்துப் போய்விட்டாய். இப்போது ஒரேயடியாகவும் போய்விட்டாய். அந்தப் பாதி மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்னடா செய்வேன்?