கூரை போட்ட முற்றம்

பாய்,

இன்று கடை வாசலில் ஒரு ஜெனரேட்டரை ஓட்டிக் காட்டினார்கள். பெட்ரோல் புகை முகத்தில் அடித்ததும் உங்கள் மேல் உள்ள கோபம் மறுபடி மூண்டது. இத்தனை வருடமாகியும் அது ஆறவில்லை.

மகளும் மாப்பிள்ளையும் தஞ்சாவூருக்கு வெளியே வீடு கட்டிக் குடியேறியிருக்கிறார்கள். கைக்குழந்தை இருக்கிறது. மழைக்காலத்தில் அங்கே கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எவ்வளவு பெரிய ஜெனரேட்டர் வாங்கலாம் என்று மாப்பிள்ளை கேட்டார். நீங்கள் எனக்குச் சொன்ன உதாரணத்தையே அவருக்கும் சொன்னேன். சேற்றில் நிற்கும் வண்டியை நகர்த்துகிற முதல் இழுப்பில்தான் மாடு திணறும். தண்ணீர் மோட்டாரும் ஃபிரிட்ஜும் அப்படித்தான். ஓடும்போது கேட்பதைவிடக் கிளம்பும்போது அதிகம் கேட்கும். அந்த முதல் இழுப்பைத் தாங்குகிற மாதிரி வாங்க வேண்டும்.

அதுவரை நன்றாகத்தான் போனது. கடைக்காரர் மகளிடம், “சத்தமே வராதும்மா. ஹால்லயே ஒரு ஓரமா வச்சுக்கலாம்” என்றார்.

“குழந்தையைக் கொல்றதுக்கா?” என்று கேட்டுவிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது. எல்லாரும் அப்படித்தான் வைக்கிறார்கள் என்று கடைக்காரர் முணுமுணுத்தார்.

நீங்களும் அப்படித்தான் வைத்தீர்கள்.

கும்பகோணத்தில் நாம் சேர்ந்து போய் வாங்கிய அன்று அந்தக் கடைக்காரரை என்ன பாடுபடுத்தினீர்கள்! டாங்க் எவ்வளவு பிடிக்கும், எத்தனை மணி நேரம் ஓடும், கயிற்றை இழுத்தால் ஒரே இழுப்பில் கிளம்புமா என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். பெண் பார்க்கப் போனபோதுகூட இத்தனை கேள்வி கேட்டிருக்க மாட்டீர்கள் என்றேன். “அங்க கேட்டிருந்தா உதைச்சிருப்பாங்க வாத்யாரே” என்று சிரித்தீர்கள். எங்கே வைக்கப்போகிறீர்கள் என்பதை ஒரு வேதியியல் ஆசிரியரிடம் யார் கேட்பார்கள்?

புகை வருகிற வேலை எதுவானாலும் முற்றத்தில் என்பது உங்கள் வீட்டு வழக்கம். பெருநாள் பிரியாணிக்கு விறகடுப்பு மூட்டுவதும் அங்கேதான்; புகை நேராக வானத்துக்குப் போய்விடும். குரங்குத் தொல்லை தாங்கவில்லை என்று துபாயிலிருந்து லீவில் வந்த உங்கள் மகன் முற்றத்தின் மேல் கண்ணாடி மாதிரி ஷீட் போட்டு அடைத்தான். வெளிச்சம் கொஞ்சமும் குறையவில்லை. அதனால் மூடியதே உங்களுக்கு மறந்துபோயிற்று.

புயல் ஓய்ந்த மறுநாள், உங்கள் வீட்டம்மா நாகப்பட்டினத்தில் மகள் வீட்டில் இருந்தார். சாரல் நிற்கவில்லை என்று கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, உள்ளே ஜெனரேட்டரை ஓடவிட்டீர்கள். தெருக்காரர்களின் செல்போன்களை வாங்கி வரிசையாகச் சார்ஜ் போட்டீர்கள். புகை அடிக்காதா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதற்கு, “முற்றத்துலதானே வச்சிருக்கேன்” என்றீர்களாம். பகல் தொழுகை முடித்துப் படுத்தீர்கள். சாயங்காலம் போனை வாங்க வந்தவர்கள் கதவை உடைத்தார்கள்.

வருடா வருடம் வகுப்பில் என்ன சொல்வீர்கள்? “கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும். அப்புறம் எழுந்திருக்க மாட்டீங்க.” பக்கத்து வகுப்பில் இருந்த எனக்கே அது மனப்பாடம். உங்களுக்கு என்ன ஆயிற்று?

கதவைத் திறந்து வைத்தால் போதாதா என்று மாப்பிள்ளை கேட்டார். அங்கேயே நின்று உங்கள் கதையை முழுக்கச் சொன்னேன். கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டார். நீளமான, தடித்த ஒயரையும் சேர்த்தே வாங்கினோம். கொல்லைக் கோடியில், எந்த ஜன்னலுக்கும் எட்டாத இடத்தில், நாலு பக்கமும் திறந்த ஒரு தகரக் கொட்டகை போட்டாயிற்று. மழையில் நனைந்துகொண்டு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று மாப்பிள்ளைக்கு அலுப்பு. மாமாவுக்கு வயதாக ஆகக் கோபம் அதிகமாகிறது என்கிறாராம்.

ஆகட்டும் பாய். உங்கள் மேல் உள்ள கோபம் ஆறிவிட்டால், அடைமழை பெய்கிற ஒரு நாளில் நானே அந்த மெஷினை உள்ளே இழுத்து வைத்துவிடுவேன்.